கண் அளந்த ரத்தம்: பேறுகால உதிரப்போக்கு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2023 மே மாதம் வெளியான ஒரு மருத்துவச் சோதனையைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரே எண்ணைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: 60 விழுக்காடு. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய 4 நாடுகளின் மருத்துவமனைகளில், பிரசவத்துக்குப் பின் வரும் கடும் உதிரப்போக்கும் அதன் கொடிய விளைவுகளும் அந்த அளவுக்குக் குறைந்திருந்தன. பெரிய சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே அறிக்கையில் இருக்கும் இன்னோர் எண்தான் என்னை அதிகம் உறுத்துகிறது: 51. வழக்கமான முறையில் இயங்கிய மருத்துவமனைகளில், அளவுக்கு மீறி ரத்தம் இழந்த பெண்களில் 51 விழுக்காட்டினரை மட்டுமே அங்கிருந்தவர்கள் இனங்கண்டார்கள். மீதிப் பேரும் மருத்துவமனைக்குள்தான் படுத்திருந்தார்கள். செவிலியரும் அருகில்தான் இருந்தார்கள். போய்க்கொண்டிருந்த ரத்தத்தின் அளவு மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

பெண்கள் நலத்தில் உலகம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எங்கே சிக்கி நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நிகழ்வே போதும் என்று நினைக்கிறேன். மருந்து இருந்தது, அறிவு இருந்தது, கட்டில்கூட இருந்தது. அளக்கும் கருவியும், அளந்தவுடன் செயல்படும் அதிகாரமும் ஒரே கையில் இல்லை.

குறைந்த இறப்பும் குறையாத இறப்பும்

2000-ஆம் ஆண்டில் 1 லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 328 தாய்மார்கள் இறந்தார்கள். 2023-இல் அது 197. சுமார் 40 விழுக்காடு குறைவு. இந்தக் கணக்கை வெளியிட்ட ஐ.நா. அமைப்புகளின் அறிக்கையே இன்னொன்றையும் சொல்கிறது: 2023-இல் மட்டும் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் உயிரிழந்தார்கள். ஒரு நாளைக்கு 700-க்கும் மேல். வருமானம் மிகுந்த நாடுகளில் 1 லட்சத்துக்கு 10 என்று இருக்கும் இறப்பு, வருமானம் குறைந்த நாடுகளில் 346. மருத்துவத்தின் வேறு துறைகளில் இவ்வளவு பெரிய இடைவெளியைக் காண்பது அரிது.

2015-இல் முடிந்த ஐ.நா.வின் புத்தாயிரம் வளர்ச்சி இலக்குகளில், 1990-இல் இருந்த பேறுகால இறப்பு விகிதத்தை முக்கால் பங்கு குறைப்பதாக உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருந்தன. 44 விழுக்காடுதான் குறைந்தது. அடுத்து வந்த இலக்கு, 2030-க்குள் 70-க்குக் கீழே கொண்டுவருவது. 197-இலிருந்து 7 ஆண்டுகளில் 70-ஐத் தொட, ஆண்டுக்குச் சுமார் 15 விழுக்காடு வீதம் குறைய வேண்டும். 2016-க்குப் பிறகு நடக்கும் குறைவோ ஆண்டுக்கு 2 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இந்த இலக்கு தவறப்போகிறது என்பதைச் சுற்றிவளைக்காமல் ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

அந்த இறப்புகளில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேல் ரத்தப்போக்கால் நிகழ்பவை. பிரசவம் முடிந்தபின் ஏற்படும் உதிரப்போக்கு மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 45,000 உயிர்களை எடுக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தடுக்கத் தெரிந்த, நிறுத்தத் தெரிந்த ஒன்று இன்னும் இந்தப் பட்டியலின் முன்வரிசையில் நிற்கிறது.

உடல் மறைக்கிறது, துணி குடிக்கிறது

குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் திறந்தபடி நிற்கின்றன. நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாயும் உறுப்பு கருப்பை. அந்தக் குழாய்களை முதலில் அடைப்பது கருப்பையின் தசை. ஈரத்துணியை முறுக்குவதுபோல் அந்தத் தசைநார்கள் குழாய்களை நெரித்து மூடுகின்றன. தசை தளர்ந்து கிடந்தால் குழாய்கள் மூடாது. உதிரப்போக்கில் பத்தில் ஏழு இப்படித் தசை சுருங்காததால் வருபவை. கிழிசல், உள்ளே தங்கிய நஞ்சுக்கொடித் துண்டு, உறையாத ரத்தம் ஆகியவை மற்ற காரணங்கள். கவனிக்காமல் விட்டால் தொடங்கிய 2 மணி நேரத்தில் உயிர் போகலாம். பேறுகாலச் சிக்கல்களில் இவ்வளவு வேகமாகக் கொல்பவை மிகச் சில.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. கர்ப்பத்தில் பெண்ணின் ரத்த அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. பிரசவத்தில் கொஞ்சம் போகும் என்று உடலே சேமித்து வைத்த கையிருப்பு அது. அதனாலேயே, இளம் வயதுப் பெண் ஒரு லிட்டர் வரை இழந்தபின்னும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பெரிதாக மாறாமல் இருக்கக்கூடும். எல்லாம் சரியாகத் தெரியும், பேசுவாள், குழந்தையைக் கேட்பாள். கையிருப்பு தீர்ந்த இடத்தில் எல்லாம் ஒன்றாகச் சரியும். அப்போது ஓடினால் நேரம் போதாது.

ஆக, உடலின் அறிகுறிகளை மட்டும் நம்ப முடியாது. ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ரத்தத்தை எங்கே பார்ப்பது? பாதி விரிப்பிலும் பஞ்சிலும் ஊறிவிடும். கொஞ்சம் பனிக்குட நீரோடும் சிறுநீரோடும் கலந்துவிடும். மீதி கட்டிலின் விளிம்பில் வழிந்து தரைக்குப் போகும். இதைக் கண்ணால் மதிப்பிடுவதுதான் பல பத்தாண்டுகளாக உலகெங்கும் நடைமுறை. குறைவான இழப்பைக் கண் சற்றுக் கூட்டிச் சொல்லும். பெரிய இழப்பை நிறையவே குறைத்துச் சொல்லும். எந்த இடத்தில் தவறினால் உயிர் போகுமோ அந்த இடத்தில்தான் கண் அதிகம் தவறுகிறது. அனுபவம் கூடினால் இது சரியாகிவிடும் என்பது மருத்துவ உலகில் நெடுங்காலம் இருந்த நம்பிக்கை. அளந்து பார்த்தபோது அது நிற்கவில்லை.

மருத்துவமனையில் சர்க்கரை, அழுத்தம், காய்ச்சல், குழந்தையின் எடை எல்லாம் எண்ணாகக் குறிப்பேட்டில் ஏறுகின்றன. குழந்தையின் எடையைக் கிராம் கணக்கில் எழுதும் அதே அறையில், தாய் இழந்த ரத்தத்துக்கு எதிரே ‘இயல்பு’ என்ற ஒரு சொல். இதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 1985-இலேயே பொதுச் சுகாதார ஆய்வாளர்களான ஆலன் ரோசன்ஃபீல்டும் டெபோரா மெய்னும் லேன்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் இதைத்தான் கேட்டார்கள்: தாய்-சேய் நலத் திட்டங்கள் என்கிறீர்களே, அவற்றில் தாய் எங்கே? அதன்பின் 1987-இல் நைரோபியில் கூடிய மாநாட்டில்தான் பாதுகாப்பான தாய்மைக்கென உலக அளவிலான முயற்சி தொடங்கியது.

கண்டுபிடித்தவர் காத்திருந்த காலம்

சோதனைக்கு வருமுன் அதில் பயன்பட்ட ஒரு மருந்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். டிரானெக்ஸாமிக் அமிலம், உறைந்த ரத்தம் கரைந்துபோகாமல் காக்கும் மருந்து. போருக்குப் பிந்தைய ஜப்பானில் உதாகோ ஒகாமோதோவும் அவர் கணவர் ஷோசுகேவும் இதைக் கண்டுபிடித்து 1962-இல் வெளியிட்டார்கள். ஆய்வுக்குப் பொருள் வாங்கக்கூட வசதியில்லாத காலம். ரத்த ஆய்வைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். குறைந்தால் தங்கள் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாமே! பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் நின்றவர் உதாகோ. அவர் முதன்முதலாகத் தன் ஆய்வை அரங்கில் வைத்தபோது, நடனம் ஆடிக் காட்டப்போகிறீர்களா என்று கேலி செய்த ஆண்கள் அங்கே இருந்தார்கள்.

பிரசவத்தில் ரத்தம் இழந்து இறக்கும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆனால் மகப்பேறு மருத்துவர்கள் யாரையும் சோதித்துப் பார்க்க அவரால் இணங்கவைக்க முடியவில்லை. மருந்து பல் பிடுங்கலுக்குப் போயிற்று, அதிக மாதவிடாய்க்குப் போயிற்று. 2010-இல் விபத்துக் காயங்களுக்கான ஒரு பெரிய சோதனை அது உயிர் காப்பதைக் காட்டியது. பிரசவத்துக்கான பெரிய சோதனையின் முடிவு வந்தது 2017 ஏப்ரலில்: 21 நாடுகள், 193 மருத்துவமனைகள், 20,060 பெண்கள். பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உதாகோ 2016 ஏப்ரலில், 98 வயதில் காலமாகியிருந்தார். எந்த நோய்க்காக மருந்து பிறந்ததோ அந்த நோய்க்கு அது வந்து சேர 55 ஆண்டுகள்.

பின்னர் 40,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் மருந்தின் பலன் சுமார் 10 விழுக்காடு குறைவது தெரிந்தது. 3 மணி நேரம் கடந்தால் பலனே இல்லை. அதாவது, நல்ல மருந்து அலமாரியில் இருப்பதால் மட்டும் யாரும் பிழைக்கப்போவதில்லை. ரத்தம் மிஞ்சிப் போகிறது என்பதை முதல் சில நிமிடங்களில் ஒருவர் அறிந்தாக வேண்டும்.

பை வந்தது, பலன் வரவில்லை

அளக்கும் கருவி ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. பிரசவித்தவுடன் பெண்ணின் இடுப்புக்குக் கீழே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. அதன் அடிமுனை புனல்போல் குவிந்து ஒரு பையாக முடியும். பையில் மில்லிலிட்டர் கோடுகள். கர்நாடகத்தின் பெலகாவியில் கிராமப்புறப் பிரசவங்களில் நடந்த, கருப்பைத் தசையைச் சுருக்கும் மிசோபிரோஸ்டால் மாத்திரையின் சோதனைக்காக இப்படியொரு விரிப்பு உருவாக்கப்பட்டது. மாத்திரை உதிரப்போக்கை 12 விழுக்காட்டிலிருந்து 6.4 விழுக்காடாகக் குறைத்தது என்று 2006-இல் வெளிவந்த அந்தச் சோதனையின் முடிவு பெரிதாகப் பேசப்பட்டது. ஓசையில்லாமல் அதனோடு வந்த இன்னொரு கணக்கு: விரிப்பில் அளந்ததைவிடக் கண்ணால் சொன்ன அளவு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

அப்படியென்றால் பையைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? 13 ஐரோப்பிய நாடுகளில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். ஒரு பகுதி மகப்பேறு மருத்துவமனைகளுக்குப் பை, மற்றவற்றுக்கு வழக்கமான கண்ணளவு. 2010-இல் முடிவு வந்தது. கடும் உதிரப்போக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த நிகழ்வு முழுவதிலும் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படும் தோல்வி இதுதான். இப்படி ஒரு முடிவு வந்ததும் ‘அளப்பதில் பயனில்லை’ என்று பையை மூலையில் போடுவது எளிது. கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. ரத்தத்தை அளந்தே ஆக வேண்டும் என்று உலக வழிகாட்டுதல்கள் அதன்பின்னும் பல ஆண்டுகள் வலியுறுத்தவில்லை. பை ஒரு எண்ணைத் தந்தது, சரி. அந்த எண், உதிரப்போக்கு என்று கொள்ளப்படும் 500 மில்லிலிட்டரைத் தொட்டால் யார் என்ன செய்ய வேண்டும், எத்தனை நிமிடத்தில், யாரைக் கேட்காமல் செய்யலாம் என்பதையெல்லாம் பை சொல்லாதே.

நான்கு நாட்டுச் சோதனை

பர்மிங்காம் பல்கலைக்கழகமும் உலக சுகாதார நிறுவனமும் முன்னின்று நடத்திய இ-மோட்டிவ் சோதனை இந்த இடத்தைத்தான் பிடித்தது. 4 நாடுகளிலும் சேர்த்து 80 மருத்துவமனைகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 78-இன் தரவுகள் கணக்கில் வந்தன. இயல்பாகப் பிரசவித்த 2,10,132 பெண்கள். இரண்டு பக்கமும் ஒரே மருந்துகள் கிடைத்தன. வழக்கமான பக்கத்திலும் ரத்தம் ஒரு விரிப்பில் சேர்க்கப்பட்டது, ஆனால் கோடு இல்லாத விரிப்பு. உண்மையான இழப்பைப் பிறகு எடை போட்டுத் தெரிந்துகொண்டார்கள். பிரசவம் பார்த்தவர்கள் அந்த நேரத்தில் கண்ணை நம்பித்தான் செயல்பட்டார்கள். கண்ணுக்கும் உண்மைக்கும் உள்ள தூரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியவந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

புதிய முறையைப் பின்பற்றிய பக்கத்தில் விரிப்பில் இரண்டு கோடுகள் முக்கியம். 300 மில்லிலிட்டரில் எச்சரிக்கை. 500-இல் யாரையும் கேட்காமல் செயல். 300-ஐத் தாண்டியபோதே நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ கருப்பையின் தளர்வோ உறுத்தலாக இருந்தால் அப்போதே தொடங்கலாம். செயல் என்பது ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து செய்வதில்லை. அடிவயிற்றின்மேல் கைவைத்துக் கருப்பையைப் பிசைவது, தசையைச் சுருக்கும் ஆக்சிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், கிழிசல் இருக்கிறதா என்ற பரிசோதனை, தேவைப்பட்டால் மேல்மருத்துவ உதவி எல்லாம் ஒரே மூச்சில். முன்பு, பிசைந்து பார்ப்பார்கள், நிற்கவில்லை என்றால் ஊசி, கொஞ்சம் பார்ப்பார்கள், பிறகு அடுத்தது. ஒவ்வொரு ‘கொஞ்சம் பார்ப்போம்’ என்பதும் சில நூறு மில்லிலிட்டர் ரத்தம்.

இவற்றோடு இன்னும் சில ஏற்பாடுகள். எல்லா மருந்தையும் ஒரே தள்ளுவண்டியிலோ பெட்டியிலோ பிரசவ அறையிலேயே வைத்தார்கள். அங்கேயே பணிபுரியும் செவிலியரிலும் மருத்துவரிலும் சிலரை இதற்குப் பொறுப்பாளராக்கினார்கள். எத்தனை பேருக்கு உதிரப்போக்கு, எத்தனை பேரைக் கண்டுபிடித்தோம், எத்தனை பேருக்கு முழுச் சிகிச்சை போனது என்ற கணக்கை அந்தந்த மருத்துவமனைக்கே திருப்பிக் காட்டினார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் ஓரிரு வரியில் கடந்துபோகும் விஷயங்கள் இவை. பூட்டிய மருந்தறைச் சாவிக்காக நள்ளிரவில் அலைந்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

முடிவுகள்: உதிரப்போக்கை இனங்கண்டது வழக்கமான பக்கத்தில் 51.1 விழுக்காடு, புதிய முறையில் 93.1. முழுச் சிகிச்சை கிடைத்தது 19.4-க்கு எதிராக 91.2. ஒரு லிட்டருக்கு மேற்பட்ட இழப்பு, ரத்தத்தை நிறுத்த வயிற்றைத் திறக்கும் அறுவை, ரத்தப்போக்கால் இறப்பு ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6-ஆகக் குறைந்தார்கள். 500 மில்லிலிட்டருக்கு மேல் இழந்தவர்களே 16.7-இலிருந்து 8.5-ஆகிப் பாதியானார்கள். சிகிச்சைக்கு முன்பே பாதியானது எப்படி என்று தோன்றலாம். 300-இல் விழிப்பு வந்துவிட்டதால் பலருக்கு 500 வரை போகவே விடவில்லை.

19.4 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இனங்காணப்பட்டவர்கள் பாதிப் பேர் என்றால், முழுச் சிகிச்சை பெற்றவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. மருந்து இல்லாத கிராமத்து நிலையைச் சொல்லவில்லை. அறுவைசிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைகளின் கணக்கு இது. ஏழை நாடுகளில் தாய்மார்கள் இறப்பது வசதிக்குறைவால் என்ற பழைய விளக்கம் இங்கே பாதிதான் பொருந்துகிறது.

ஊசி யார் கையில்

மிச்சப் பாதி விளக்கத்தைத் தேடினால் பிரசவ அறையின் படிநிலைக்கு வந்து சேர்கிறோம். பிரசவத்தின்போது பெண்ணுக்கு மிக அருகில் நிற்பவர் பேறுகாலச் செவிலியர். உலகப் பேறுகாலச் செவிலியரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் பெண்கள். பல நாடுகளில் அவர் நரம்பில் ஊசி ஏற்றவோ சில மருந்துகளைத் தொடங்கவோ மருத்துவரின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். ரத்தம் அதிகம் போகிறது என்று தோன்றினாலும், ‘தோன்றுகிறது’ என்பதை வைத்துக்கொண்டு இரவில் ஒரு மூத்த மருத்துவரை எழுப்புவது அவ்வளவு எளிதில்லை. அதிகப்படியாகப் பதறினாய் என்ற பேச்சு வரும். கோடு போட்ட விரிப்பு அங்கே செய்யும் வேலை வெறும் அளவை இல்லை. ‘500-ஐத் தாண்டிவிட்டது’ என்பது வாதத்துக்கு இடம் தராத வாக்கியம். இளைய செவிலியர் சொன்னாலும் அதே எடை. ஐரோப்பியச் சோதனையில் எண் இருந்தது, அதன் பின்னால் நிற்கும் ஒப்புக்கொண்ட விதி இல்லை. ஆப்பிரிக்கச் சோதனையில் எண்ணோடு அதிகாரமும் கைமாறியது. இரண்டு முடிவுகளும் வேறுபட்டதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஐரோப்பாவில் ஏற்கெனவே சிகிச்சைத் தரம் உயர்ந்திருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சுகாதாரத் துறை ஊழியரில் ஏறத்தாழ 70 விழுக்காடு பெண்கள், தலைமைப் பொறுப்புகளில் 25 விழுக்காடு மட்டுமே பெண்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. பாலினச் சமத்துவ அறிக்கைகளில் இந்த எண் ஓர் ஊழியர் நலப் பிரச்சினையாக வந்துபோகிறது. பிரசவ அறையிலிருந்து பார்த்தால் அது நோயாளியின் உயிர்ப் பிரச்சினை. அறிந்தவருக்கு அதிகாரம் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் ரத்தமாகப் போகிறது. இதோடு உலகுக்குச் சுமார் 9 லட்சம் பேறுகாலச் செவிலியர் பற்றாக்குறை என்றது 2021-இன் கணக்கு. ஒருவர் ஒரே நேரத்தில் நான்கைந்து பிரசவம் பார்க்கும் அறையில் எந்தக் கோடும் தன்னால் யாரையும் கூப்பிடாது.

அறைக்கு வெளியே இன்னொரு தாமதம் இருக்கிறது. செரீன் தாடியசும் டெபோரா மெய்னும் 1994-இல் வகுத்த மூன்று தாமதங்களில் முதலாவது, மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் வரும் தாமதம். அந்த முடிவு பெரும்பாலும் பிரசவிக்கும் பெண்ணுடையதாக இருப்பதில்லை. 57 நாடுகளின் தரவுகளை வைத்து ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2021-இல் சொன்னது: தன் மருத்துவம், கருத்தடை, உடலுறவு மூன்றிலும் தானே முடிவெடுக்க முடிகிற பெண்கள் 55 விழுக்காடு. மருத்துவமனைக்குள் 51, வெளியே 55. இரண்டும் வெவ்வேறு விஷயங்களின் கணக்குகள்தான், ஒப்பிடக் கூடாது. இருந்தும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

உலகுக்கும் கண்ணளவுதான்

கட்டிலில் நடப்பது நாட்டளவிலும் நடக்கிறது. பேறுகால இறப்பு மிகுந்த நாடுகளில் பெரும்பாலானவற்றில் எல்லா இறப்பையும் காரணத்தோடு பதியும் ஏற்பாடு இல்லை. மேலே நான் கொடுத்த 2,60,000 என்ற எண்ணே கணித மாதிரிகள் வழியே பெறப்பட்ட மதிப்பீடு. அந்த மாதிரிகளுக்கு உணவாக இருந்தவற்றில் முக்கியமானது, அமெரிக்க நிதியில் 1984 முதல் பல நாடுகளில் நடந்துவந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டம். வீடு வீடாகப் போய், உங்கள் உடன்பிறந்த சகோதரிகளில் யாராவது பிரசவத்தில் இறந்தார்களா என்று கேட்ட திட்டம் அது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியபோது அதுவும் நிறுத்தப்பட்டது. தனியார் அறக்கட்டளைப் பணத்தில் ஒரு பகுதி மீண்டும் நகர்ந்தது. மருத்துவமனைகளுக்கான உதவி நின்றால் அதன் விளைவு கண்ணுக்குத் தெரியும். கணக்கெடுப்பு நின்றால் விளைவு தெரியாமலே போகும். அடுத்த அறிக்கையில் எண் குறைந்தால் அது நல்ல செய்தியா, அளக்காததால் வந்த குறைவா என்று சொல்ல வழியிருக்காது.

சோதனை எட்டாத இடங்கள்

இதைப் படித்துவிட்டு விரிப்பு வாங்கினால் போதும் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. 60 விழுக்காடு என்பது மூன்று விளைவுகளைச் சேர்த்த கணக்கு. இறப்பை மட்டும் தனியாக எடுத்தால், நல்லவேளையாக எண்ணிக்கை சிறியது. அதனாலேயே உறுதியான முடிவுக்கு வர முடியாது. திசை தெரிகிறது, அவ்வளவே.

மருந்தின் தரம் அடுத்தது. ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியது. மின்சாரம் விட்டுவிட்டு வரும் இடங்களில் பெட்டியில் இருப்பது ஆக்சிடோசின்தானா, அதன் பெயர் மட்டுமா என்பது ஐயம். வெப்பம் தாங்கும் கார்பெடோசின், தடுப்பு மருந்தாக அதற்கு இணையானது என்று 10 நாடுகளில் 29,645 பெண்களிடம் நடந்த சோதனை 2018-இல் காட்டியது. அது இன்னும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை.

பெரிய ஓட்டை ரத்தசோகை. உலகில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் மூன்று பேருக்கு அது இருக்கிறது. 2025-க்குள் பாதியாக்குவோம் என்ற இலக்கு வைத்தபின்னும் இந்த எண் அசையவே இல்லை. 500 மில்லிலிட்டர் என்ற எல்லை, போதிய ரத்தம் உள்ள பெண்ணுக்கானது. ஹீமோகுளோபின் ஏற்கெனவே பாதியாக இருப்பவளுக்கு அதில் பாதி போனாலே ஆபத்து. இவர்களுக்கு முன்கூட்டியே டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்துவிட்டால் என்ன என்று பாகிஸ்தான், நைஜீரியா, தான்சானியா, சாம்பியா ஆகிய நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். பலன் இல்லை. ரத்தசோகையைப் பிரசவ அறையில் சரிசெய்ய முடியாது. அது பல ஆண்டு உணவிலும், மாதவிடாயிலும், அடுத்தடுத்த கர்ப்பங்களிலும், வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள் என்பதிலும் சேர்ந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் கோடு போட்ட விரிப்பையும் சேர்த்துச் செய்யும் சிகிச்சையையும் பரிந்துரைத்தது. 2025 அக்டோபரில் மகப்பேறு மருத்துவர்கள், பேறுகாலச் செவிலியர் ஆகியோரின் உலகக் கூட்டமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட புதிய வழிகாட்டுதல் இன்னும் ஓரடி முன்னே போகிறது. 500 வரை காத்திருக்க வேண்டாம். 300 மில்லிலிட்டர் போய், நாடித்துடிப்பிலோ அழுத்தத்திலோ மாற்றம் தெரிந்தால் அப்போதே சிகிச்சை. ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இந்த மாற்றம் எல்லோரையும்விட அதிகம் உதவும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் இந்தப் பரிந்துரைகளுக்கு ஆதாரமான பெரிய சோதனை இயல்பான பிரசவங்களில் மட்டும் நடந்தது. உலகில் இன்று ஐந்தில் ஒரு குழந்தைக்கும் மேல் வயிற்றைக் கிழித்தே பிறக்கிறது, அந்த விகிதம் ஏறிக்கொண்டும் இருக்கிறது. அறுவை மேசையில் ரத்தம் பனிக்குட நீரோடு கலந்து உறிஞ்சு குழாயில் போகிறது, பஞ்சுகளில் ஊறுகிறது, கொஞ்சம் யோனி வழியாகவும் வருகிறது. இடுப்புக்குக் கீழே விரிக்கும் பை அங்கே பாதிக் கணக்கைத்தான் காட்டும். அந்தப் பெண்களுக்கு எந்தக் கோடு, எந்த அளவில், யார் கையில் என்பதைத் தனியாகச் சோதித்தாக வேண்டும்.